பம்பு ஸ்க்ரூவில் வைத்த மருதாணி

பரங்கிப்பேட்டை
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள நாசர் மச்சான் அவர்களுக்கு, உங்கள் கொழுந்தியாள் ஜெய்னப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று காலை சுபுஹு தொழுததும் முதல் வேலையாக உங்கள் பிக்கப் வண்டியின் பானட்டைத் தூக்கி வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று கேட்டேன். அதன் பிறகுதான் சாயா போட்டேன். இங்கு நானும் மகள் அம்ரீனும் ஆறு கோழிகளும் அல்லாஹ் வைத்தபடி சுகமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் என் கூடப்பிறந்த லாத்தாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஷார்ஜாவில் வெயில் ஆரம்பித்துவிட்டது என்று அறிந்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கவும். வண்டியும் சுகம். அது சுகமான கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் லாத்தா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீன் பொரிப்பாள், பக்கத்து ஃபிளாட் வரைக்கும் கேட்கும். போனில் நேராகப் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று கேள்வி கேட்பீர்கள். எதிர்வீட்டு உபைதுல்லா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். காகிதத்தில் வாசம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடலூர் முதுநகரிலிருந்து காத்தவராயன் வண்டியைப் பார்க்க வருகிறார். மீனும் ஐஸும் ஏற்ற அவருக்கு இழுவை உள்ள வண்டி வேண்டும். வண்டி அவருக்குத்தான் என்று நீங்கள் அவருக்கு வார்த்தை கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் ட்யூன் பண்ணி வைத்தபடியே இருக்கும், டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூகூட அசைந்திருக்காது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அசைந்துவிட்டது, மச்சான். நான்தான் அசைத்தேன். ஒரு முறை அல்ல. என் நோட்டுக் கணக்குப்படி நாற்பத்தொரு முறை.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் நாற்பது நாள் லீவில் வந்து, இந்தப் பழைய டீசல் வண்டியை வாங்கி, முப்பது நாள் அதன் அடியிலேயே படுத்திருந்தீர்கள். ஷார்ஜாவிலேயே இருந்திருந்தா மூஞ்சியாவது பாத்திருப்பேன் என்று லாத்தா சொன்னது ஞாபகம் இருக்கும். பெரிய காற்றுக் குழாய் போட்டீர்கள், சைலன்சரை அகலப்படுத்தினீர்கள், சைலன்சர் சூட்டைக் காட்ட டேஷ்போர்டில் ஒரு மீட்டர் வைத்தீர்கள், பம்பில் டீசலைக் கூட்டினீர்கள். போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, சும்மா நின்னா துருப் பிடிச்சிரும், உன் பாத்திரத்த ஏத்திக்க என்றீர்கள். அன்றிலிருந்து கல்யாண வீடுகளுக்கு நான் வாடகைக்கு விடுகிற பிரியாணித் தேக்சா, சாப்பாட்டுச் சகன், தண்ணி டிரம் எல்லாம் உங்கள் வண்டியில்தான் போய் வருகின்றன. முன்பெல்லாம் லோடு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வாசலில் நிற்பேன். பதினோரு மணிக்கு வருகிறேன் என்பவன் ஒரு மணிக்கு வந்து, பாதையில் டயர் பஞ்சர் என்பான். இந்த ஒரு வருஷமாக யாருக்காகவும் வாசலில் நிற்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

பெருநாள் முடிந்து கல்யாணங்கள் ஆரம்பித்ததும் வண்டிக்கு ஏதோ வந்தது. லால்பேட்டையில் ஒரு நிக்காஹ்வுக்குச் சாமான் இறக்கிவிட்டு வந்த அடுத்த நாளிலிருந்து இழுவை இல்லை, மிதித்தால் கறுப்புப் புகை. கடலூரில் நீங்கள் சொல்லிவைத்த மெக்கானிக் அந்தோணிசாமியிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், கையைத் துடைத்துக்கொண்டார். உங்க மச்சான் கை வச்ச பம்பு மேடம், அடுத்தவர் எழுதுன பரீட்சை பேப்பர்ல நான் எழுத முடியாது என்றார். பம்பைக் கழற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பினால் வர மூன்று வாரம் ஆகுமாம். எனக்கு அந்த மூன்று வாரத்தில் ஐந்து கல்யாணம். இரண்டு நாள் விடாமல் போன் செய்ததில் மனசு இறங்கி, பம்பின் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ இருக்கு, உள்ள திருப்புனா டீசல் ஜாஸ்தி, வெளிய திருப்புனா கம்மி, ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல போகாதீங்க, முக்கியமா முதல்ல பழைய இடத்துல நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டு வச்சிருங்க என்று சொல்லிக்கொடுத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்ததை எழுதுகிறேன், பிறகு கதைக்கு வருகிறேன். நம் தெருவில் இருபத்திரண்டு வீடு. பத்தொன்பது வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில். வீடு எங்கள் கையில், வீட்டிலுள்ள எந்திரங்கள் எல்லாம் அவர்கள் கையில். தண்ணி மோட்டார் நின்றுபோனால் மஸ்கட்டுக்குப் போன் போட்டு அம்ரீன் வாப்பாவிடம் சத்தத்தைக் கேட்கவைப்பேன். அவங்க அங்கிருந்து, சிவப்பு ஒயரத் தொடாத என்பார்கள். பிசிக்ஸ் படித்தவள் நான். சிதம்பரத்தில் மூன்று வருஷம் ரெக்கார்டு நோட்டு எழுதி முதல் வகுப்பில் தேறினேன். இருபது வருஷமாகச் சிவப்பு ஒயரைத் தொடாமல் இருந்திருக்கிறேன். அந்தோணிசாமி ஸ்க்ரூ என்று சொன்னதும் எனக்குப் பயம் வரவில்லை. கை குறுகுறுத்தது.

நெயில் பாலிஷ் நம் வீட்டில் ஏது? தொழுகைக்கு ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் படாது என்று உம்மா காலத்திலிருந்து வாசற்படி ஏறவிட்டதில்லை. அம்ரீன் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து கொண்டு வந்த மருதாணிக் கோன் ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. கையில் வைத்தால் பதினைந்து நாள் போகாத கறை, ஸ்க்ரூவில் ஒரு வாரம் நிற்காதா என்று முதல் வகுப்பில் தேறிய எனக்குத் தோன்றியது. மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். நன்றாகச் சிவக்கட்டும் என்று, கையில் வைத்தால் செய்வது போலவே எலுமிச்சைச் சாற்றில் சீனியைக் கரைத்துப் பஞ்சால் ஒற்றிவிட்டேன். பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, இழுவை இல்லை என்றால் டீசல் போதவில்லை என்றுதான் அர்த்தம் என்று முடிவு செய்து, உள்பக்கமாகக் கால் சுற்று திருப்பினேன். போதாது போலிருந்ததால் இன்னொரு கால். பிறகு கொஞ்சம் முன்னும் பின்னும். கோடுதான் இருக்கிறதே என்ற தைரியம். மறுநாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. பேட்டரியிலிருந்து பம்பு வரைக்கும் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. மருதாணி தோலில்தான் பிடிக்கும், இரும்பில் காய்ந்து உதிரும், சீனி சேர்ந்தால் உதிர்வதற்கும் காத்திருக்காது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

அன்று மத்தியானம்தான் நீங்கள் போன் செய்து, காத்தவராயனுக்கு வார்த்தை கொடுத்துட்டேன், பம்புல மட்டும் யாரும் கை வைக்காமப் பாத்துக்க என்றீர்கள். சரி மச்சான் என்றேன். வேறு என்ன சொல்ல? அப்புறம் ஒரு நிமிடம் கழித்து, நானே வச்சுக்கிடவா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். பின்னாலிருந்து லாத்தா, அவளுக்கு எதுக்குங்க லாரி, ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்துரலாம் என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு போனை வைத்துவிட்டுத் தேக்சா கழுவப் போனேன். பெரிய தேக்சா ஒன்றை இரண்டு முறை கழுவியிருக்கிறேன் என்று பின்னால்தான் தெரிந்தது.

ஆக, பழைய இடம் தொலைந்துபோனது. காத்தவராயன் வருவதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்று சாயந்தரம் வண்டியை எடுத்தேன். டீசலைக் கூட்டினால், மிதிக்காமலே இன்ஜின் சுற்றுகிற ஐட்லிங் வேகமும் ஏறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டதும், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே வண்டி தெருவில் போக ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயாக்கடை வாசலில் ஜமாலுதீன் மாமா இருந்தார். நம் தெருவிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகும் செய்தியெல்லாம் அவர் வழியாகத்தான் போகிறது என்பது உங்களுக்கும் தெரியும். என் கால் இரண்டும் சும்மா இருப்பதைக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்து வந்தார்.

"ஏம்மா, நீ வண்டிய ஓட்டுறியா, வண்டி உன்ன ஓட்டுதா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாமா."

"அப்படியே கடைத்தெருவுக்கு அனுப்பிப் பாரு. வெங்காயம் வாங்கிட்டு வந்தாலும் வரும்."

அதன் பிறகு திருவந்திபுரம் கோயில். முகூர்த்த நாள். மலைப்படி வரிசையில் மட்டும் ஐம்பது மாப்பிள்ளை இருப்பார்கள். கீழே ஒரு மண்டபத்துக்குத் தண்ணி டிரம்மும் அண்டாவும் இறக்க வேண்டியிருந்தது. ஏற்றத்தில் வண்டி திணறியது, மிதித்தேன், சைலன்சரிலிருந்து வந்ததைப் புகை என்று சொல்ல முடியாது, பின்னால் ஒரு கல்யாணக் கோஷ்டி போட்டோவுக்கு நின்றிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை, ஏனென்றால் எதுவும் தெரியவில்லை. தெளிந்தபோது பட்டு வேட்டி மாப்பிள்ளை அப்படியே சிரித்த முகமாக நின்றிருந்தார், பல் மட்டும் வெள்ளை. போட்டோக்காரர் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார். மங்கலம் என்று பெண்ணின் அத்தை ஒருத்தி, என் ஜன்னலுக்கு வந்து, சத்தம் போடாமல் சொன்னாள்: "திருஷ்டிப் பொட்டு வைக்கிற வேலைய நாங்களே பாத்துக்கறோம்மா. நீ பாத்திரத்த மட்டும் இறக்கு." சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். ஈரத்துண்டு எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுலயும் டீசல் வாடை அடிக்குதே என்றாள்.

அன்றுதான் இதை ஒழுங்காகச் செய்வது என்று உட்கார்ந்தேன். ரெக்கார்டு நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். ஸ்க்ரூ எத்தனை சுற்று, எந்த கியர், மீட்டரில் சூடு எவ்வளவு, புகை என்ன நிறம். லோடுக்கு ஆறு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஏற்றினேன். பாதை இங்கிருந்து பி.முட்லூர், அங்கிருந்து வெள்ளாற்றுப் பாலம் ஏறிச் சிதம்பரம், திரும்பி வருவது. எல்லாம் சரி, ஓட்டிக்கொண்டே புகையைப் பார்க்க முடியவில்லை, மூன்றாம் நாள் வழியில் ஒரு ஆட்டு மந்தைக்கு வழிவிட மறந்தேன். பின்னால் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். தெருவில் சும்மா இருக்கிற ஆண் ஜமாலுதீன் மாமா ஒருவர்தான். நான் கேட்கவில்லை, அவரே கேட்டார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை லோடு பாடியில் பின்பக்கம் பார்க்கப் போட்டு, இரண்டு டிரம்முக்கு நடுவே தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷம் ஈப்போவில் சாயாக்கடை வைத்திருந்தவர் அல்லவா, கறுப்பு, சாம்பல் என்று நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, அதெல்லாம் எனக்குச் சரிப்படாது என்று அவருக்குத் தெரிந்த பாஷையில் கத்த ஆரம்பித்தார். டிக்காஷன். ஸ்ட்ராங். மீடியம். லைட். தண்ணி. என் நோட்டில் ஒன்பது பக்கத்துக்குப் புகையின் நிறம் இப்படித்தான் இருக்கிறது. குழப்பமே வந்ததில்லை.

பி.முட்லூர் அருகே போலீஸ்காரர் கை காட்டினார். பின்னால் போய் நின்று, பெரியவரே, இப்படி நாற்காலி போட்டு உக்காந்துகிட்டு எங்க போறீங்க என்று கேட்டார். எங்கயும் போகல தம்பி, ஸ்ட்ராங்கா லைட்டான்னு பாக்குறேன் என்றார் மாமா. அவர் கையில் கிளாஸ் இருக்கிறதா என்று போலீஸ்காரர் தேடினார். பிறகு ஆறு டிரம்மையும் தட்டிப் பார்த்தார். தண்ணீர் எங்கே போகிறது என்றார். எங்கேயும் போகவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர், பெரியவரை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டுங்கள், தண்ணீரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, கேஸ் எழுதாமல் அனுப்பிவிட்டார். அதன் பிறகு மாமா முன்சீட்டில் இருந்து கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடியில எல்லாமே லைட்டாத்தான் தெரியுது என்று ஒரு நாள் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டார்.

எட்டாவது நாள், மீடியத்துக்குக் கீழே எப்படியும் இறங்கவில்லை என்று அந்தோணிசாமிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "காத்து பாத்தீங்களா மேடம்?" பார்க்கவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். நீங்கள் பெரிய காற்றுக் குழாய் போட்டபோது அதை முன்பக்கம் தாழ்வாக வைத்தீர்கள் அல்லவா, லால்பேட்டை ரோட்டில் அறுத்த உளுந்துச் செடியை வண்டிகள் மிதிக்கட்டும் என்று பரப்பியிருந்தார்கள், நானும் ஒத்தாசையாக மூன்று முறை ஏறி இறங்கிப் போனேன், அந்த உளுந்துத் தூசி முழுக்க உள்ளே இருந்தது. உதறியதில் கோழிகள் ஓடி வந்தன. ஸ்க்ரூவில் ஆரம்பத்திலிருந்தே ஒரு குறையும் இல்லை, மச்சான். மருதாணி, மாப்பிள்ளை, போலீஸ், ஆறு டிரம் தண்ணீர், எல்லாம் ஒரு ஃபில்டருக்காக. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து, அப்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்ல என்றார்.

ஆரம்பித்தோம். காற்று சரியானதும் என் நோட்டில் இருந்த கணக்கெல்லாம் பொய்யாகிவிட்டது, ஆனால் அதை எழுதிய கைக்கு இப்போது வேலை தெரிந்திருந்தது. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரைப் பார்க்காமலே எடுக்க வந்தது. கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே, ஐட்லிங்கைத் தனியாக இறக்கி, திரும்ப ஏற்றி. போன ஞாயிற்றுக்கிழமை உண்மையான லோடுடன், இரண்டு கல்யாணத்துச் சாமான் ஒன்றாக ஏற்றி, வெள்ளாற்றுப் பாலத்தில் போனேன். மூன்றாவது கியர். மீட்டர் முள் நீங்கள் சிவப்பு ஒட்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே நின்றது. மாமா கண்ணாடியைப் பார்த்தார், நம்பாமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். "சாயாவே இல்லம்மா. வெறும் கிளாஸு" என்றார். நான் நாலாவது கியர் போட்டேன்.

நீங்கள் வைத்த பழைய இடம் இதுவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் விட்டுப்போனபோது இந்தப் பாலத்தில் லைட்டாகவாவது ஒரு புகை இருந்தது என்று மாமா சத்தியம் செய்கிறார். கோபித்துக்கொள்ள வேண்டாம். நாளை காத்தவராயன் திருப்தியாக ஓட்டிப் பார்ப்பார். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், ஜாக்கி, உபரி சாவி எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். நோட்டையும் அவரிடமே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், முதல் ஒன்பது பக்கத்துக்கு மட்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இனிமேல் யாருடைய பம்பிலும் கை வைப்பதில்லை. பாத்திரத்துக்கு லோடு ஆட்டோ சொல்லிக்கொள்கிறேன்.

லாத்தாவுக்கு என் சலாம். பிள்ளைகளின் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம். கருவாட்டை வெயிலில் ஒரு நாள் காயவைத்த பிறகு பெட்டியில் போடச் சொல்லவும். உங்கள் ஆயுளையும் ரிஜ்கையும் வருமானத்தையும் அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. துஆவில் எங்களை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாள்
ஜெய்னப்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் இதை எழுதுகிறேன். மேலே வண்டியை ஒப்படைப்பதாக எழுதிய பகுதியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது சனிக்கிழமை ஆகியிருக்கும். அதற்கு முன்பே காத்தவராயன் உங்களுக்குப் போன் செய்து, வண்டி பாக்க லட்சணமா இருக்கு, ஆனா இழுவை இல்ல பாய், காலி வண்டியே பாலம் ஏற மாட்டேங்குது, எனக்கு வேணாம் என்று சொல்லியிருப்பார். அவர் பேரில் வருத்தம் வேண்டாம், வண்டி பேரிலும் வேண்டாம். நீங்கள் கொடுத்த வார்த்தையை நீங்கள் மீறவில்லை, வேண்டாம் என்றது அவர்தான். அவர் தருவதாக இருந்த அதே விலைக்கு வண்டியை நான் வாங்கிக்கொள்கிறேன், இந்த முறை சிரிக்காமல் பதில் சொல்லவும். இதை அம்ரீன் வாப்பாவிடம் சொல்லவில்லை, ஜமாலுதீன் மாமாவிடம் சொல்லவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை: நாளை காலை காத்தவராயன் வருவதற்கு முன் ஸ்க்ரூவை முக்கால் சுற்று வெளியே எடுக்கப் போகிறேன், அவர் தெருமுனை தாண்டியதும் முக்கால் சுற்று உள்ளே.